ஆட்டத்தின் நடுவே புள்ளியை எண்ணிப் பார்க்கலாமா?



சென்ற வாரம் பள்ளி முடிந்த வேளையில் ஸ்கூடாயில் வழக்கமான மாலை மழை. பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாயார் ஒருவர் நடைகூடத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "சார், என் மகன் ஒரு தாள் எழுதி முடித்ததும் அதில் எத்தனை புள்ளி வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் படிக்க உட்காருகிறான். இது நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா?" என்று கேட்டார். நன்று என்றும் சொல்லாமல், தீது என்றும் சொல்லாமல் ஏதோ பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தன் புள்ளியைக் கணித்துப் பார்ப்பதால் பயன் உண்டா என்னும் கேள்வி புதியதன்று. சீட்டாட்டக்காரர்கள், குறிப்பாகப் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள், நெடுங்காலமாக இதைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். சீட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப்போவது பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை அன்று, கணக்கை.

முதலில் நம்மவர் ஆட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத் தமிழரிடையே பெயர்பெற்ற சீட்டாட்டம் 'முந்நூற்று நான்கு'. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் பலர். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என் விடுதி அறையில் இருந்த நண்பர் அத்தகைய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. பாட்டனாரிடம் கற்ற ஆட்டத்தை எங்களுக்கும் கற்றுத் தந்தார்.

நான்கு பேர், எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகள், மொத்தம் 32 சீட்டுகள். இதில் அரசனும் அரசியும் பெரியவர்கள் அல்லர். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனங்களுக்கு 304. ஆட்டத்தின் பெயரே அதன் மொத்தப் புள்ளிதான்! கேரளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் ஒன்று உண்டு. அங்கே ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என இனத்துக்கு 7 புள்ளி; ஆகவே அதன் பெயர் 'இருபத்தெட்டு'.

முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்த உடனே, "இத்தனை புள்ளி எடுப்பேன்" என்று கேட்க வேண்டும். குறைந்த கேள்வி 160. அதிகம் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். கேட்டதை எடுத்தால் கிடைக்கும் ஆதாயத்தைவிட, எடுக்கத் தவறினால் வரும் இழப்பு அதிகம்.

இனி, ஒருவர் 200 கேட்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். எட்டுச் சுற்றில் ஆறு முடிந்துவிட்டது. அவர் பக்கம் 176 சேர்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் 70. மொத்தம் 304 என்பதால், இன்னும் இறங்காத எட்டுச் சீட்டுகளில் 58 புள்ளி இருக்கிறது. அவருக்குத் தேவை 24. எஞ்சியிருப்பவை ஒரு ஜாக், ஓர் ஒன்பது, இரண்டு அரசர், ஓர் அரசி, மூன்று வெற்றுச் சீட்டுகள் என்று அவர் நினைவில் வைத்திருந்தால், அந்த ஜாக் விழும் சுற்றைத் தம் பக்கம் கொண்டுவந்தால் போதும் என்பது விளங்கும். கையிலிருக்கும் துருப்பை இப்போதே இறக்குவதா, கடைசிச் சுற்றுக்கு வைத்திருப்பதா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். எண்ணாமல் ஆடுகிறவர் குருட்டாம்போக்கில் துருப்பை இறக்கிவிட்டு, அடுத்த சுற்றில் கையைப் பிசைவார்.

எங்கள் விடுதி நண்பர் உதடு அசையாமல் எண்ணுவார். நாங்கள் மூவரும் விரல் மடக்கி எண்ணியும் தோற்போம்.

இந்த ஆட்டத்தில் எண்ணலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, எண்ணுவதுதான் ஆட்டம். ஆனால் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மொத்தம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணி அறிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு ஒன்று கையில் மிச்சம் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்று இல்லாமற்போனால் என்ன ஆகும்? அதைத்தான் பிரிட்ஜின் வரலாறு காட்டுகிறது.

பிரிட்ஜுக்கு மூத்தது விஸ்ட் என்னும் ஆங்கிலேய ஆட்டம். நல்ல சீட்டு வந்தவன் வெல்வான் என்பது அதன் குறை. திறமை வெல்கிறதா, சீட்டு வெல்கிறதா என்று அறிய, 'கேவண்டிஷ்' என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் 1857இல் இலண்டனில் ஒரு சோதனை செய்தார். ஒரே சீட்டுகளை இரண்டு மேசைகளில் ஆட வைத்தார். ஒரு மேசையில் தேர்ந்தவர்களுக்குக் கிடைத்த சீட்டுகள், மற்ற மேசையில் தேராதவர்களுக்குக் கிடைத்தன. சீட்டு சமமாகிவிட்டதால் வேறுபாடு முழுவதும் ஆட்டத் திறத்தால் வந்தது. தேர்ந்தவர்களே வென்றனர். ஒரே வினாத்தாளை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. ஆசிரியர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

இன்று உலகம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தவர் அமெரிக்கச் செல்வர் ஹெரால்டு வாண்டர்பில்ட். 1925இல், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக ஹவானாவுக்குச் சென்ற 'ஃபின்லாந்து' என்ற கப்பலில் நண்பர்களோடு அவர் அதை ஆடிப் பார்த்தார். இதில் 52 சீட்டுகள், 13 சுற்றுகள். எத்தனை சுற்றுகளைப் பிடிப்போம் என்று முன்கூட்டியே சொல்லி, அதை நிறைவேற்ற வேண்டும். வீட்டிலும் மன்றத்திலும் ஆடும் இம்முறையில் புள்ளித்தாள் மேசைமேலேயே கிடக்கும். யாருக்கு எவ்வளவு என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மறுபக்கம் வெற்றிக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்த்து, துணிந்து கேட்பதா, அடங்கி இருப்பதா என்று முடிவு செய்யலாம்.

போட்டி ஆட்டமோ கேவண்டிஷ் காட்டிய வழியில் சென்றது. ஒரே சீட்டுகள் மேசை மேசையாகச் சுற்றி வரும். உன் புள்ளி நீ எடுத்ததில் மட்டும் இல்லை. அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு மற்ற மேசைக்காரர்கள் எடுத்ததிலும் இருக்கிறது. அவர்கள் எடுத்தது உனக்குத் தெரியாது. கண்ணெதிரே கிடந்த புள்ளித்தாள் இப்படி மறைவுக்குப் போனது. ஊகித்துக் கணக்கிடும் பழக்கம் அப்போதுதான் வளர்ந்தது.

இணையர் போட்டியில் இந்த மறைவு இன்னும் கடுமை. அதில் எவ்வளவு வித்தியாசத்தில் வென்றாய் என்று யாரும் கேட்பதில்லை; எத்தனை மேசைகளை வென்றாய் என்பதே கேள்வி. ஒரு மேசையை விஞ்சினால் 2, சமமானால் 1 என்பது வழக்கமான கணக்கு. ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்துச் சுற்றுகள் பிடித்தவருக்கு 420. அதே சீட்டில் துருப்பில்லாமல் மூன்று கேட்டுப் பத்துப் பிடித்தவருக்கு 430. பத்தே புள்ளி வித்தியாசம். ஆனால் அந்தப் பத்தினால் எல்லா மேசைகளையும் விஞ்சவும் கூடும். முன்பெல்லாம் சீட்டுகளோடு சேர்ந்தே ஒரு மடித்த தாள் மேசை மேசையாகப் பயணம் செய்யும். ஆடி முடித்துத் தம் புள்ளியை எழுதும்போது, முன்னே ஆடியவர்களின் புள்ளியைக் காணலாம். அதுவும் பாதி உண்மைதான்; பின்னே ஆடப்போகிறவர்களின் புள்ளி அதில் இராது. பிறகு அத்தாளின் இடத்தில் கைக்கடக்கமான மின்கருவி வந்தது.

எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன், இது நமக்கு நன்று, இது நடுத்தரம், இது மோசம் என்று மனத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும் என்பது ஒரு கட்சி. பின்தங்கியிருப்பதை அறிந்தால்தானே கடைசிச் சில ஆட்டங்களில் துணிச்சலான வழியை எடுக்க முடியும். முன்னிலையில் இருந்தால் அமைதியாக ஆடி முடிக்கலாம் அல்லவா? அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. குறிப்பாக இரண்டு அணிகள் மோதும்போது, ஒரே ஓர் அணியின் புள்ளியைத்தான் ஊகிக்க வேண்டும். மற்றக் கட்சியோ, முடிந்ததை மறந்துவிடு, கையிலுள்ள சீட்டைப் பார் என்கிறது. முன் ஆட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் இப்போது விழுந்த சீட்டைக் கவனிக்கத் தவறுவான் என்பது அவர்கள் கவலை.

எனக்கு இரண்டாம் கட்சியின்மேல் சற்றுச் சார்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. (மலேசிய அணியில் 81 வயது மூதாட்டி ஒருவர் ஆடினார் என்பது நமக்குப் பெருமை.) ஆண்கள் இணையர் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் 384 புள்ளியுடன் தங்கம் வென்றனர். பர்தனுக்கு அப்போது வயது 60, சர்க்காருக்கு 56. வெள்ளி பெற்ற சீன இணைக்கு 378. வெண்கலம் பெற்ற இந்தோனேசிய இணைக்கு 374. நாள் கணக்கில் ஆடிய பிறகு முதலாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே பத்தே புள்ளி! மேசையில் உட்கார்ந்தபடி மனக்கணக்கால் இந்த ஆறு புள்ளி வேறுபாட்டை யாரால் கண்டிருக்க முடியும்? அத்தகைய நெருக்கத்தில் 'நாம் பின்தங்கிவிட்டோம்' என்று தவறாக ஊகித்து, துணிந்து ஒரு தப்பாட்டம் ஆடினால் தங்கம் கைநழுவிப் போகும்.

சரி, ஊகமே வேண்டாம். சரியான எண்ணையே ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால்? அப்போதாவது சிக்கல் தீருமா? இதற்குச் சீட்டை விட்டுக் கிரிக்கெட்டுக்குப் போக வேண்டும். நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் காற்பந்து அளவுக்குக் கிரிக்கெட் பழக்கமில்லை என்பதால் சற்று விளக்கியே சொல்கிறேன்.

ஒருநாள் கிரிக்கெட்டில் மழை வந்தால் யார் வென்றார் என்று தீர்மானிப்பது பழைய தலைவலி. 1992 உலகக் கிண்ண அரையிறுதியில், சிட்னியில், தென்னாப்பிரிக்கா 13 பந்துகளில் 22 ஓட்டம் எடுக்க வேண்டிய நிலையில் மழை பெய்தது. மழை நின்று திரும்பியபோது ஒரே பந்தில் 21 ஓட்டம் எடுக்க வேண்டும் என்றாயிற்று. அந்தக் கேலிக்கூத்துக்குப் பிறகு, ஃபிராங்க் டக்வர்த், டோனி லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் ஒரு முறையை வகுத்தனர். கையிலுள்ள ஓவர்களையும் விக்கெட்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் அம்முறை 1997 ஜனவரி 1 அன்று முதன்முதலில் பயன்பட்டது. அதன்படி, ஆட்டம் இந்த ஓவரோடு நின்றால் எத்தனை ஓட்டம் இருந்தால் சமநிலை என்பதை அட்டவணையாகத் தாளில் கொடுத்துவிடலாம்.

2003 மார்ச் 3. உலகக் கிண்ணம், டர்பன் நகரின் கிங்ஸ்மீட் திடல். (1860இல் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் சென்று இறங்கிய அதே டர்பன்.) இலங்கை 50 ஓவரில் 268 ஓட்டம் எடுத்தது, மார்வன் அத்தபத்து 124. போட்டியை நடத்தும் நாடான தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்த சுற்றுக்குப் போக வெற்றி தேவை. மழை நெருங்குகிறது. 45ஆவது ஓவரோடு ஆட்டம் நின்றால் 229 என்று ஓய்வறையிலிருந்து செய்தி வருகிறது. அந்த ஓவரை வீசியவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த தமிழர். தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தக் குடும்பக் கதை அந்நியமன்று.

ஐந்தாம் பந்தை மார்க் பவுச்சர் ஆறு ஓட்டத்துக்குத் தூக்கி அடித்தார். எண்ணிக்கை 229. இலக்கை அடைந்துவிட்டோம் என்று நினைத்து, கடைசிப் பந்தை ஓட்டமெடுக்காமல் பத்திரமாகத் தடுத்து நிறுத்தினார். மழை வலுத்தது, ஆட்டம் அத்தோடு நின்றது. 229 என்பது வெற்றிக்கான எண் அன்று, சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். ஒரே ஓர் ஓட்டம்! அதை எடுக்க முயல ஒரு பந்தும் கையில் இருந்தது. தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் வெளியேறியது. அணித்தலைவர் ஷான் பொல்லாக் பதவி இழந்தார். 22 வயது கிரேம் ஸ்மித் தலைவரானார்.

இந்த நிகழ்ச்சியை நான் பல ஆண்டுகளாக ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். கூட்டலில் பிழையில்லை, தாளில் பிழையில்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் பிழை. எண்ணே தெரியாமல் இருந்திருந்தால் பவுச்சர் அந்தக் கடைசிப் பந்தில் ஓட்டமெடுக்க முயன்றிருப்பார் என்பது என் எண்ணம். அதற்காக எண்ணைச் சொன்னதே தவறு என்றும் சொல்ல முடியாது.

இனி, நான் தாயாரிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. கடைசியாக நடந்தது 2019இல். அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பு, நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், ஒரு முன்னோட்டத் தேர்வு. கணிதம் அப்போது இரண்டு தாள்கள்: முதல் தாளில் 40 தேர்வு வினாக்கள், இரண்டாம் தாளில் 20 வினாக்கள், வழிமுறை காட்டி எழுத வேண்டும். முதல் தாள் முடிந்ததும் உங்கள் புள்ளியை எண்ணிப் பாருங்கள், இரண்டாம் தாளில் எவ்வளவு தேவை என்பது தெரியும் என்று மாணவர்களுக்குச் சொன்னவன் நானே. முந்நூற்று நான்கு ஆடிய மிதப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி ஓய்வு நேரத்தில் தன் விடைகளை வகுப்பின் முதல் மாணவனுடைய விடைகளோடு ஒப்பிட்டாள். ஒன்பது விடைகள் வேறுபட்டன. ஒன்பதும் தன் பிழை என்று முடிவு கட்டினாள்; இனி 'ஏ' கிடைக்காது என்று தீர்மானித்துவிட்டாள். இரண்டாம் தாளில் கடைசி ஐந்து வினாக்களை அவள் தொடவே இல்லை. நான் திருத்திப் பார்த்தபோது, அந்த ஒன்பதில் ஆறு அவளுடைய விடையே சரி. முதல் தாளில் அவளுக்கு 36. அந்த மாணவனுக்கு 33. அவனோ, தனக்கு எல்லாம் சரி என்ற நிம்மதியில் இரண்டாம் தாளை அவசரமாக முடித்துவிட்டு மேசையில் தலைசாய்த்திருந்தான். என் ஒரு வாக்கியம் இரண்டு பிள்ளைகளை இரண்டு திசையில் இழுத்துவிட்டது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவி என்னை ஒன்றும் கேட்கவில்லை. "நான் எண்ணாமல் இருந்திருக்கலாம், சார்" என்று மட்டும் சொன்னாள்.

தேர்வு முந்நூற்று நான்கைப் போன்றது என்று நான் நினைத்தது பிழை. அங்கே விழுந்த சீட்டு திறந்து கிடக்கிறது. இங்கே எழுதிய விடை சரியா, தவறா என்பது மறைந்து கிடக்கிறது. எனவே பிள்ளை எண்ணுவது புள்ளியை அன்று, தன் அச்சத்தை அல்லது தன் மிதப்பை. சரியாகவே எண்ணிவிட்டாலும் அதைக் கொண்டு மாற்றக்கூடியது என்ன? பிரிட்ஜில் பின்தங்கியவனுக்குத் துணிச்சலான வழி என்று ஒன்று உண்டு; முன்னிலையில் இருப்பவனுக்கு அடங்கிய வழி உண்டு. இரண்டாம் தாளில் அப்படி இருவழி இல்லையே. முதல் தாளில் 20 எடுத்தவனும் 38 எடுத்தவனும் இரண்டாம் தாளை ஒரே மாதிரிதான் எழுத வேண்டும்.

ஆனால் தாள் கையில் இருக்கும்போதே எண்ணுவது வேறு. எத்தனை வினா மிச்சம், எத்தனை நிமிடம் மிச்சம், எந்தெந்த விடையில் ஐயம் என்பவை எல்லாம் முந்நூற்று நான்கின் கணக்கைச் சேர்ந்தவை. அவற்றை வைத்து அடுத்த பத்து நிமிடத்தை மாற்றி அமைக்கலாம். அதனால் என் வகுப்பில் ஐயமுள்ள வினாவின் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் எழுதி முடித்தபின் புள்ளி வைத்தவற்றுக்கு மட்டும் திரும்ப வேண்டும். தாளைக் கட்டிக் கொடுத்தாயிற்று என்றால் கணக்கும் முடிந்தது. வகுப்புக்கு வெளியே விடை ஒப்பிடல் கூடாது என்பது விதி. அந்த விதி ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது வேறு கதை.

நேற்று அந்தத் தாயாரை மீண்டும் கண்டேன். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்படியானால், வீட்டுக்கு வந்ததும் 'எத்தனை வரும்?' என்று நான் கேட்பதையும் நிறுத்த வேண்டுமா, சார்?" என்றார். மகனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ஆமாம், அம்மா. எல்லாத் தாளும் முடிகிற வரைக்குமாவது" என்றேன். சிரித்தார்.

இந்த வாரப் பயிற்சித் தாள்களை இன்றுதான் திருத்தி முடித்தேன். பெரும்பாலோர் ஐந்தாறு வினாக்களுக்குப் புள்ளி வைத்திருந்தனர். அவற்றில் சிலவற்றை அழித்துத் திருத்தியும் இருந்தனர். ஒரு பையன் மட்டும் எல்லா வினாக்களுக்கும் புள்ளி வைத்திருந்தான். நாளை அவனைத் தனியே அழைத்துப் பேச வேண்டும்.